முதல் 70.3 டிரையத்லான்: சென்னையிலிருந்து கோவாவுக்கு, சைக்கிளோடு

முதல் தடவை கோவாவில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயத்தில், நீச்சலை முடித்து நான் கடலை விட்டு வெளியே வந்தபோது 1 மணி 14 நிமிடம் ஆகியிருந்தது. அனுமதி 1 மணி 10 நிமிடம். மணலில் நின்றிருந்த ஒருவர் மெதுவாகத் தோளைத் தொட்டு, குனிந்து, இடது கணுக்காலில் இருந்த, நேரத்தைப் பதியும் சிப்பைக் கழற்றிக்கொண்டார். ஏழு மாதப் பயிற்சி, எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான செலவு, அவ்வளவுதான். என் சைக்கிள் அன்று முழுக்க, முந்தின நாள் மாட்டிவிட்டு வந்த கம்பியிலேயே தொங்கியது.

அடுத்த வருடம் திரும்பப் போனேன். 7 மணி 48 நிமிடத்தில் முடித்தேன். வேகத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் எங்கே தடுக்கி விழுவோம் என்பது நன்றாகத் தெரியும். அலுவலக வேலை, குடும்பம், இதற்கு நடுவே முதல் முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

அயர்ன்மேன் 70.3 என்றால் 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், ஒரே மூச்சில். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், பெயர் அதனால்தான். இந்தியாவில் இது கோவாவில் பனாஜியின் மிராமர் கடற்கரையில் 2019-இல் தொடங்கியது. நடுவில் கொரோனாவால் நின்று 2022-இல் மறுபடி வந்தது. தேதி பெரும்பாலும் அக்டோபர் அல்லது நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

வழக்கமான நேர வரம்பு இது: நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், நீச்சல் தொடங்கியதிலிருந்து சைக்கிள் முடிய 5 மணி 30 நிமிடம், எல்லாம் முடிய 8 மணி 30 நிமிடம். இதைப் பிரித்துப் பாருங்கள். நீச்சலுக்குக் கடைசி நிமிடம் வரை எடுத்து, உடை மாற்ற 10 நிமிடம் போனால், சைக்கிளுக்கு மிச்சம் 4 மணி 10 நிமிடம். அதாவது மணிக்கு 21.6 கி.மீ. பிறகு ஓட்டத்துக்கு 3 மணி நேரம், கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் வேகமாக நடந்தாலே வந்துவிடும்.

ஆக, ஓட்டப்பந்தயத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஓட்டம் பிரச்சினை இல்லை, சைக்கிளும் பெரிய பிரச்சினை இல்லை. கடல்தான். ஆனால் நாம் என்ன செய்வோம்? தெரிந்த ஓட்டத்தையே திரும்பத் திரும்பப் பழகுவோம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஒரு அரை மாரத்தான்கூட ஓடாதவர் என்றால் இந்த வருடம் பதிய வேண்டாம். ஜனவரியில் சென்னை மாரத்தான் இருக்கிறது, அதில் 21 கி.மீ. ஓடிப் பாருங்கள். முழு மாரத்தானுக்கு முன்னால் 20 மைல் பிரிவும் அங்கே உண்டு. ஓடிய சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். கோவாவுக்கு அது தேவையில்லை, ஆனால் மும்பை மாரத்தானில் முழுத் தூரம் ஓட முந்தைய நேரச் சான்று கேட்பார்கள்.

2. பதிவு: பெயரில் இருக்கிறது முதல் சிக்கல்

பதிவு பல மாதங்களுக்கு முன்பே திறக்கும். கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் படியில் கட்டியவருக்கும் கடைசியில் கட்டியவருக்கும் சில ஆயிரம் வித்தியாசம் வரும். நான் பதிந்த வருடம் நுழைவுக் கட்டணமும் இணையப் பதிவுச் செலவும் சேர்ந்து முப்பதாயிரத்தைச் சுற்றி வந்தது. திரையில் முதலில் தெரிகிற தொகை கடைசித் தொகை இல்லை. கட்டணப் பக்கம் வரை போய்ப் பார்த்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை இனிஷியல். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும். ஆதாரில் வெறும் 'எஸ்' என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், விமான டிக்கெட்டில் வேறு மாதிரி இருக்கும். எந்த அட்டையைக் கையில் கொண்டுபோகப் போகிறீர்களோ அதில் இருப்பதை எழுத்து மாறாமல் பதிவிலும் டிக்கெட்டிலும் போடுங்கள். போட்டி எண்ணையும் சிப்பையும், நீங்களே நேரில் வந்து புகைப்பட அடையாள அட்டையைக் காட்டினால்தான் தருவார்கள். நண்பரை அனுப்பி வாங்க முடியாது.

வயதுப் பிரிவு அந்த வருடம் டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான். நவம்பரில் 39 இருந்து டிசம்பரில் 40 ஆகிறவர் 40–44 பிரிவில் வருவார். 18 வயது நிறையாதவர்கள் பதிய முடியாது.

காய்ச்சல், அலுவலகம், வீட்டுக் காரியம் என்று போக முடியாமல் போனால் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பாது. ரத்து விதியைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். உங்கள் எண்ணை இன்னொருவர் போட்டுக்கொண்டு ஓடுவது கண்டிப்பாகக் கூடாது. அவருக்கு நடுவழியில் ஏதாவது ஆனால் மருத்துவர் கையில் இருப்பது உங்கள் ரத்த வகையும் உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் தொடர் அணிப் பிரிவும் உண்டு. ஒருவர் நீந்த, ஒருவர் மிதிக்க, ஒருவர் ஓட. முதல் வருடம் அதில் சேர்ந்திருக்கலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

3. டாக்டரும் காப்பீடும்

35 வயது தாண்டியிருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இதய நோய் இருந்தால், ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றையும் பயிற்சி தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பு எடுத்து என்ன பயன்? எனக்கு எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

மருத்துவக் காப்பீட்டில் 'சாகச விளையாட்டு' விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் சின்ன எழுத்தில் இருக்கும். தொலைபேசியில் "இருக்கும் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்வதை நம்பாமல் மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள்.

4. நீச்சல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

25 மீட்டர் குளத்தில் 1.9 கி.மீ. என்பது 76 முறை. 50 மீட்டர் குளம் என்றால் 38. வேளச்சேரி மாதிரி 50 மீட்டர் குளம் கிடைத்தால் விடாதீர்கள். சின்னக் குளத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் இலவசமாகப் போகிறோம், கடலில் சுவர் இல்லை. கிணற்றில் கற்ற நீச்சலை நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது மூழ்காமல் இருக்க உதவும், 1.9 கி.மீ. போக உதவாது. தண்ணீருக்குள் மூச்சை விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி இழுக்கும் ஃப்ரீஸ்டைலை ஒரு பயிற்சியாளரிடம் புதிதாகக் கற்றுக்கொள்ளுங்கள். நான் மாதம் 3,000 ரூபாய் கொடுத்து நான்கு மாதம் கற்றேன். மொத்தச் செலவில் அதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை.

குளத்தில் 1.9 கி.மீ. தூரத்தை 55 நிமிடத்துக்குள் நீந்த வரும்வரை கோவாவில் பத்திரமாக இருக்கிறோம் என்று நினைக்காதீர்கள். முதல் வருடம் எனக்குக் குளத்தில் 1 மணி 2 நிமிடம். எட்டு நிமிடம் மிச்சம் என்று தைரியமாக இருந்தேன். கடலில் நேராகப் போகத் தெரியவில்லை. கோணல்மாணலாகப் போய், என் கைக்கடிகாரப்படி 2.2 கி.மீ. நீந்தியிருந்தேன்.

அந்த 300 மீட்டரைக் குறைக்கத்தான் கடல் பயிற்சி. எட்டுப் பத்து கை வீச்சுக்கு ஒரு தடவை, முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, பாதையைக் காட்டும் மிதவையைப் பார்க்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பு கீழே போய்விடும். மிதவை தெரியவில்லையென்றால் கரையில் பெரிய கட்டடம் ஒன்றைக் குறி வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் தனியாகக் கடலில் இறங்காதீர்கள். மெரினா பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே இழுப்பு எப்படி என்று ஊருக்கே தெரியும். கோவளம் போன்ற இடங்களில் கடல் தெரிந்த உள்ளூர் ஆட்களோடு குழுவாக நீந்துகிறார்கள், அவர்களோடு சேருங்கள். இடுப்பில் கட்டி இழுத்துப் போகிற ஆரஞ்சு நிற மிதவைப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஆயிரத்துச் சொச்சம் ஆகும். என்னைக் கடலுக்குள் கூட்டிப்போன மீனவ இளைஞர் முதல் நாள் சொன்னது: "சார், அலை உடையுற எடத்துல நிக்காதீங்க. ஒண்ணு வெளிய இருங்க, இல்லன்னா கீழ முங்கி அந்தப் பக்கம் போயிடுங்க." முதல் வருடம் நான் நின்றேன். மூக்கு முழுக்க உப்புத் தண்ணீர். சொறிமீன் பட்டால் என்ன செய்வது என்பதையும் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் காலக் கணக்கு ஒன்று இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. பந்தயம் அக்டோபரில் அல்லது நவம்பரில். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் கடல் கொந்தளிக்கிற நேரமும் அதுதான். 'கடைசி மாதம் கடலில் பழகலாம்' என்று வைத்திருந்தால் இறங்கவே முடியாது. கோவாப் பக்கம் அப்போது தென்மேற்குப் பருவமழை முடிந்து கடல் அமைதியாகியிருக்கும், நமக்கு நேர்மாறு. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் குறைந்தது ஆறு தடவையாவது கடலில் நீந்தி முடித்துவிடுங்கள்.

பயம் வந்தால்? பந்தயத்தில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகுகளில் உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். கையைத் தூக்கினால் வருவார்கள். கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம், தகுதி இழப்பு கிடையாது. அதைப் பிடித்தபடி முன்னே நகரத்தான் கூடாது. இது தெரியாமல் முதல் வருடம் நான் பிடிக்காமலே தத்தளித்தேன். என் நான்கு நிமிடம் அங்கேதான் போயிருக்கும்.

வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடை வாங்க வேண்டாம். தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் போனால் அதைப் போட்டவர் பரிசுக் கணக்கில் வரமாட்டார், இன்னும் சூடேறினால் தடையே உண்டு. அரபிக்கடல் அந்த மாதங்களில் அதைவிட வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இருபதாயிரம் மிச்சம்.

5. சைக்கிள்

டிரையத்லானுக்கென்று தனி சைக்கிள் முதல் தடவைக்குத் தேவையில்லை. வளைந்த கைப்பிடி உள்ள சாதாரண ரோடு பைக் போதும். புதிது ஐம்பது, அறுபதாயிரத்தில் ஆரம்பம், பழையது முப்பதாயிரத்துக்கும் கிடைக்கும். ஆனால் அளவு சரியாக இருக்க வேண்டும். அளவு தப்பினால் முதுகும் கழுத்தும் 60 கி.மீ.யில் பேச ஆரம்பிக்கும். வாங்கிய பிறகு ஃபிட்டிங் செய்கிறவரிடம், அதாவது சைக்கிளை உங்கள் உடம்புக்கு ஏற்பச் சரிசெய்கிறவரிடம், ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியாக மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. ஆண்டவனே அளந்து வைத்த மாதிரி. காலை நான்கரைக்குக் கிளம்புங்கள், முன்னும் பின்னும் விளக்கு, மூன்று பேராவது கூட. நாய்களும் ஆம்னி பஸ்களும் அந்த நேரத்தில்தான் சாலையில் இருக்கும். எட்டரை ஒன்பதுக்குள் வீடு வந்துவிடுங்கள்.

பழக வேண்டிய இரண்டு: மிதித்துக்கொண்டே ஒற்றைக் கையால் பாட்டில் எடுத்துக் குடிப்பது, பின் சக்கர டியூப் மாற்றுவது. பந்தயத்தில் பஞ்சரானால் வெளியாள் உதவி வாங்கக் கூடாது. வீட்டுக் கூடத்தில் முதல் தடவை எனக்கு 25 நிமிடம் ஆனது, பத்தாவது தடவை எட்டு.

6. ஓட்டம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரத்துக்கு ஒரு நாள் சைக்கிளை விட்டு இறங்கிய உடனே 4, 5 கி.மீ. ஓடுங்கள். இதை 'பிரிக்' என்பார்கள். முதல் ஒரு கி.மீ.க்குக் கால் நம் கால் மாதிரியே இருக்காது, அப்புறம் சரியாகிவிடும். அது சரியாகும் என்று தெரிந்திருப்பதுதான் பயிற்சி.

7. சைக்கிளைக் கோவாவுக்குக் கொண்டுபோவது

முதல் வருடம் விமானத்தில் ஏற்றினேன். பெட்டியைத் திறந்தபோது பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் வளைந்திருந்தது. கவுண்டரில் புகார் கொடுத்தேன். வெளியே பார்க்க அடி தெரியவில்லை என்றார்கள். அந்தச் சின்ன உலோகத் துண்டு ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம். பனாஜியில் மூன்று கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒருவர் நிமிர்த்திக் கொடுத்தார். உங்கள் சைக்கிளுக்கான ஹேங்கர் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் போடுங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற காரியம். கட்டும்போது பின் கியரையே கழற்றி, துணி சுற்றி, சட்டத்துக்குள் வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கெட்டிப் பெட்டி வாங்க வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிறது. எனக்கு ஒரு வாரத்துக்கு 2,000 ஆனது. கடைகளில் கேட்டால் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டி சும்மாவே தருவார்கள், நன்றாகப் பொதிந்தால் அதுவும் போதும். விமான நிறுவனத்தில் விளையாட்டுப் பொருள் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டுங்கள். விமான நிலையத்தில் போய்க் கட்டினால் எடைக் கணக்கில் தீட்டிவிடுவார்கள். பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. காற்றடிக்கும் சி.ஓ.2 குப்பியை ஏற்ற விடமாட்டார்கள், கோவாவில் வாங்குங்கள் அல்லது கைப்பம்பு எடுத்துப்போங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான்.

இரண்டாம் வருடம் நான்கு பேர் சேர்ந்து வண்டி எடுத்து, சைக்கிள்களைப் பின்னால் மாட்டிக்கொண்டு போனோம். ஆளுக்குச் செலவு விமானத்தைவிடக் குறைவு, ஆனால் ஒரு பகலும் ஒரு இரவும் போய்விடும். புதன்கிழமையே கிளம்ப முடிந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அறை மிராமரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கட்டும். பந்தய நாள் காலை சாலைகள் மூடியிருக்கும், டாக்சி கிடைக்காது. பதிவு செய்த அன்றே அறையும் போட்டுவிடுங்கள்.

8. வியாழன் முதல் சனி வரை

வியாழன் போய்ச் சேருங்கள். வெள்ளி எண், சிப், பைகள் வாங்குங்கள். சனி காலை கடலில் 15 நிமிடம் நீந்திப் பாருங்கள். சனி மதியம் சைக்கிளைப் பந்தய இடத்தில், உடை மாற்றும் பகுதியில் உள்ள கம்பியில் மாட்டிவிட வேண்டும். விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், அந்த வருடப் பாதையும் மாற்றங்களும் அதில்தான் வரும்.

பைகள்தான் புதியவர்களைக் குழப்பும். நீலப் பையில் சைக்கிளுக்கு வேண்டியவை: தலைக்கவசம், ஷூ, கண்ணாடி. சிவப்புப் பையில் ஓட்டத்துக்கு வேண்டியவை: ஓடும் ஷூ, சாக்ஸ், தொப்பி. வெள்ளைப் பையில் முடித்த பிறகு மாற்றும் உடை. நீலமும் சிவப்பும் சனிக்கிழமையே அங்கே போய்விடும். கட்டிலில் எல்லாவற்றையும் பரப்பி, கண்ணை மூடிப் பந்தயத்தை ஒரு தடவை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே போடுங்கள். சைக்கிளை விட்ட பிறகு, நுழைவாயிலிலிருந்து உங்கள் கம்பி எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஈரக் கண்ணோடு ஓடி வரும்போது எல்லா சைக்கிளும் ஒரே மாதிரி தெரியும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து விடுங்கள், வெயிலில் கிடந்து வெடித்த டியூபைப் பார்த்திருக்கிறேன். காலையில் அடித்துக்கொள்ளலாம்.

சனி இரவு தயிர் சாதம். கோவாவுக்குப் போய் மீன் சாப்பிடாமலா என்பவர்கள் திங்கட்கிழமை சாப்பிடுங்கள்.

9. பந்தய நாள்

காலை மூன்று மணிக்கு ஓட்டலில் எதுவும் கிடைக்காது. நான் ரொட்டியும் கடலை வெண்ணெயும் இரண்டு வாழைப்பழமும் முந்தின நாளே வாங்கி வைத்தேன். அக்குளிலும் கழுத்திலும் வாஸ்லின்.

நீச்சலுக்கு எல்லோரையும் ஒன்றாக விடமாட்டார்கள். அவரவர் எதிர்பார்க்கும் நேரத்துக்கு ஏற்ப வரிசை. உங்கள் நேரக் கணக்கு, தொடக்கத்தில் விரித்திருக்கும், சிப்பைப் படிக்கிற பாயை நீங்கள் தாண்டும்போதுதான் தொடங்கும். உண்மையான நேரத்துக்குரிய வரிசையில் நில்லுங்கள். முன்னால் போய் நின்றால் முதுகில் ஏறிப் போவார்கள்.

சைக்கிளில் மூன்று விதிகள் தண்டனை வாங்கித் தரும். கம்பியிலிருந்து சைக்கிளை எடுக்கும் முன்பே தலைக்கவசத்தின் பட்டையை மாட்டியிருக்க வேண்டும், சைக்கிளைத் திரும்பக் கம்பியில் மாட்டிய பிறகுதான் பட்டையைக் கழற்ற வேண்டும். முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும், இல்லையென்றால் 5 நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் உட்கார வைப்பார்கள். வழியில் சாப்பிடுகிற சத்து ஜெல்லின் உறையை, தண்ணீரும் தீனியும் தருகிற உதவி மேசைப் பகுதிக்கு வெளியே வீசக் கூடாது. காதில் பாட்டு எங்கேயும் கூடாது.

உணவு விஷயத்தில் புதிதாக எதையும் அங்கே முயலாதீர்கள். நான் முக்கால் மணிக்கு ஒரு ஜெல், நடுவில் கடலை மிட்டாய். தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைசுற்றல், வாந்தி என்று போய்விடும், சில சமயம் அதைவிட மோசம். ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்ட பொடியாக வாங்குங்கள். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டருக்கு. ஜூஸ் மாதிரி அட்டைப்பெட்டியில் வருவது பல சமயம் வேறு சமாச்சாரம்.

ஓட்டம் தொடங்கும்போது வெயில் உச்சியில் இருக்கும். ஒவ்வொரு மேசையிலும் ஐஸ் வாங்கித் தொப்பிக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மேசைக்கு மேசை ஓடி, மேசையில் நடந்தேன். இரண்டு மணி ஐம்பது நிமிடம் ஆனது.

10. முடித்த பிறகு

கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். சிப்பைத் திருப்பிக் கொடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோனால் பணம் கேட்பார்கள். ஞாயிறு இரவே விமானம் போடாதீர்கள். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் வைக்கக் குனிய முடியாது.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை மணிக்கட்டில் கட்டிய பட்டையைச் சைக்கிளை வெளியே எடுக்கும்வரை அறுக்காதீர்கள். அதில் இருக்கும் எண்ணையும் சைக்கிளில் ஒட்டிய எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாசலில் விடுவார்கள். என்னோடு வந்தவர் குளிக்கும்போது அறுத்துப் போட்டுவிட்டு, ஆதாரைக் காட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்.